40 பாகை எந்தக் காற்றுக்கு? வாவிக்கரை ஆலைகளின் கொன்ட்ரோல் பனல் பற்றிச் சில கணக்குகள்

கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் இறால் பண்ணைகளிலும் ஒரே மாதிரியான முறைப்பாடு கேட்கும். மத்தியானம் திரும்பினால் பிரேக்கர் விழுகிறது. மோட்டரை ஓட்டும் டிரைவ் சூட்டுப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் ஓடுகிறது. சாமான் மட்டம் என்பார் முதலாளி. கரண்ட் சரியில்லை என்பார் வயரிங் பாஸ். சில இடங்களில் அவை உண்மையாக இருக்கலாம். ஆனால் இதற்குப் பெரும்பாலும் காரணம், பனலின் பெயர்ப்பலகையில் உள்ள ஓர் எண்ணை நாம் படிக்கும் விதம். 40 பாகை செல்சியஸ் என்ற அந்த எண்ணை எல்லோரும் ஓர் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு நிபந்தனை: பனல் நிற்கும் இடத்துக் காற்று இதற்குள் இருந்தால்தான் மற்ற எண்கள் செல்லும் என்று செய்தவர் போட்ட நிபந்தனை. அந்த நிபந்தனை நம்முடைய வாவிக்கரையில் எங்கே உடைகிறது, அதைச் சரிக்கட்ட நாம் வழக்கமாகச் செய்வது ஏன் இன்னொரு கேட்டைக் கொண்டுவருகிறது, வேறு என்ன செய்யலாம் என்பதைக் கணக்கோடு எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த எண்ணின் பிறப்பிடம். குறைந்த அழுத்த மின் பனல்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் தரநிலை ஐஇசி 61439. அது வழக்கமான பயன்பாட்டு நிலை என்று மூன்று வரம்புகளைச் சொல்கிறது. பனலைச் சுற்றியுள்ள காற்று எந்த நேரத்திலும் 40 பாகையைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரச் சராசரி 35 பாகையைத் தாண்டக் கூடாது. கட்டடத்துக்குள் வைக்கும் பனலானால், 40 பாகை வெப்பத்தில் ஈரப்பதன் 50 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குளிர்ந்த நேரத்தில் கூடுதலாக இருக்கலாம். இவற்றில் எது மீறினாலும் அது விசேட நிலை. அதை வாங்குபவரும் செய்பவரும் முன்கூட்டியே பேசி உடன்பட வேண்டும் என்பதும் அதே தரநிலையில் இருக்கிறது. அமெரிக்காவின் யூஎல் 508ஏ விதியும் வேறு எதுவும் குறிப்பிடாத பனலுக்கு 40 பாகையையே கொள்கிறது. ஆக, நாம் எதுவும் சொல்லாமல் ஓடர் கொடுத்தால், நம்முடைய இடம் இந்த மூன்று வரம்புக்குள்ளும் அடங்குகிறது என்று ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். மூன்றில் முதலாவதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். நமக்குக் கேடு செய்வது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மட்டக்களப்பில் வெயில் காலத்துச் சராசரி உச்ச வெப்பம் 33, 34 பாகைதானே, கச்சான் கடுமையாக வீசும் நாளிலும் 37, 38ஐத் தாண்டுவது அபூர்வமாயிற்றே, அப்படியிருக்க 40 பாகைப் பனல் ஏன் போதாது? எண்கள் சரிதான். ஆனால் வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் இடத்தைப் பாருங்கள். திறந்த வெளியில், புல்தரைக்கு மேல் ஆளின் மார்பளவு உயரத்தில், காற்று ஊடாடும் வெள்ளை மரப்பெட்டிக்குள், வெயில் படாமல் வைத்த வெப்பமானி அது. நம் பனல் நிற்பது தகரக் கூரைக்குக் கீழே. அரிசி ஆலையானால் நெல் புழுக்கும் தொட்டியின் நீராவியும், உமி எரியும் கொதிகலனின் சூடும் அதே மண்டபத்துக்குள் வருகின்றன. சூடான காற்று மேலே ஏறுவதால் கூரையை ஒட்டிய சுவரில் இருக்கும் பனலுக்குத் தரையில் நிற்கும் ஆளை விடவும் சூடான காற்று கிடைக்கிறது. வெளியே 36 பாகை இருக்கும் நாளில் அந்தச் சுவரோரம் 42 பாகை இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சராசரியைப் பாருங்கள்: பகல் பத்து மணி நேரம் 42 பாகை, மீதிப் பதினான்கு மணி நேரம் 34 பாகை என்று வைத்தாலும் 24 மணி நேரச் சராசரி 37ஐத் தாண்டிவிடுகிறது. இரவு வேலையும் நடந்து கொதிகலன் அணையாவிட்டால் இன்னும் கூடும். உச்சத்தில் 2 பாகை மீறல் பெரிதாகத் தெரியாது. ஆறவே விடாத இரவுதான் பனலை மெல்ல மெல்ல அரிக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெயில் காலத்தில் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கையைப் பார்த்து, கிழக்கில் 42, 43 பாகை என்று பனலுக்கும் அதையே கணக்கெடுப்பவர்கள் உண்டு. அது மனித உடல் உணரும் வெப்பம். ஈரமான காற்றில் வியர்வை உலராததால் நமக்குக் கூடுதலாகப் புழுங்குகிறது; அந்தப் புழுக்கத்தை எண்ணாக்கியதுதான் சுட்டெண். பனலுக்கு வியர்க்காது. அதற்கு வேண்டியது உலர் வெப்பமானி காட்டும் எண் மட்டும், அதுவும் அது நிற்கும் சுவரோரத்து எண். ஆகவே பயமுறுத்தும் பெரிய எண்ணையும் எடுக்க வேண்டாம், ஆறுதல் தரும் சின்ன எண்ணையும் எடுக்க வேண்டாம். சில நூறு ரூபாய் வெப்பமானி ஒன்றைப் பனலுக்குப் பக்கத்தில், அதன் உயரத்திலேயே தொங்கவிட்டு, சிறுபோக அறுவடை முடிந்து ஆலை முழுமூச்சாக ஓடும் நாட்களில் பகலும் இரவும் குறித்து வைத்தால் அதுதான் சரியான எண்.

சுற்றுக் காற்றுக்கு மேல் பனல் தன் சூட்டையும் சேர்த்துக்கொள்கிறது. இதைக் கணக்கிடுவது கடினமில்லை. 800 மிமீ அகலம், 1200 மிமீ உயரம், 300 மிமீ ஆழமான, சுவரில் பொருத்திய, பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்றை எடுப்போம். சுவரோடு ஒட்டிய பக்கத்தைக் கழித்து, மேல்பக்கத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, தொழிலில் வழக்கமான முறையில் கணக்கிட்டால் சூட்டை வெளியேற்றும் பரப்பு ஏறத்தாழ 2.3 சதுர மீற்றர் வரும். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் 1 பாகை வித்தியாசம் இருக்கும்போது சுமார் 5.5 வாட் சூட்டை வெளியே விடும். ஆக இந்தப் பெட்டி ஒரு பாகைக்கு ஏறத்தாழ 13 வாட் விடும். உள்ளே 15 கிலோவாட் டிரைவ் ஒன்று இருக்கிறது. அது தன் சுமையில் சுமார் 3 சதவீதத்தைச் சூடாக இழக்கிறது, அதாவது 450 வாட். 450ஐ 13ஆல் வகுத்தால் 35. மண்டபம் 42 பாகையானால் பெட்டியின் உள்ளே 77 பாகை. அந்த டிரைவின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். பல டிரைவ்கள் 40 பாகை வரைதான் முழுச் சுமை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 1 சதவீதம் குறைத்து ஓட்டச் சொல்லி, 50 பாகையில் நிறுத்திவிடுகிறார்கள். 77 பாகைக்குக் கையேட்டில் வரியே இருக்காது. அது சூட்டுப் பிழை காட்டி நிற்பது பழுதல்ல, தன்னைக் காத்துக்கொள்வது.

தரநிலையில் இன்னொரு அனுமானமும் இருக்கிறது. ஒரு பனலில் பல மோட்டர் சுற்றுகள் இருந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, 100 கிலோவாட் வரையான மோட்டர்களுக்கு ஒவ்வொரு சுற்றும் தன் அளவில் 80 சதவீதச் சுமையில் ஓடும் என்று கொள்ளலாம். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே 80 சதவீதச் சுமையில் செம்பில் உண்டாகும் சூடு முழுச் சுமையின் 64 சதவீதம்தான். ஆனால் அறுவடைக் காலத்து அரிசி ஆலையில் உமி நீக்கும் இயந்திரம், தீட்டும் இயந்திரம், தூக்கி, ஊதி எல்லாம் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகத்தான் நிற்கின்றன. அவை முழுச் சுமையில் ஓடினால் கணக்குப் போட்டதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் சூடு. கிராமத்து லைனின் கடைசியில் இருக்கும் ஆலைக்கு அழுத்தமும் குறைந்து வரும். 400 வோல்ட்டில் 6 சதவீதம் குறைவது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். ஆனால் அதே வேலையைச் செய்ய மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டம் 10 சதவீதம் கூடினால் சூடு 21 சதவீதம் கூடும். கரண்ட் சரியில்லை என்ற பாஸின் பேச்சில் இவ்வளவு உண்மை உண்டு. அந்தக் கூடுதல் சூட்டுக்கும் பனலில் இடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பதில்.

இந்தச் சூட்டில் மிக அபாயமான செயல் சின்ன பிரேக்கரில் நடக்கிறது. சாதாரண எம்சிபிக்குள் இருப்பது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு. அது 30 பாகைக் காற்றில் அளவு பார்க்கப்பட்டது. 50 பாகைப் பெட்டிக்குள், அதுவும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி அடுக்கியிருந்தால், 20 அம்பியர் பிரேக்கர் 18 அம்பியரையோ அதற்கும் குறைவையோ கண்டதும் விழத் தொடங்கும். ஆலையை நிறுத்த முடியாது. உடனே 20ஐக் கழற்றி 32 போடுகிறார்கள். பிரேக்கர் விழுவது நிற்கிறது, பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சுற்றின் வயர் கூரைத் தகரத்தை ஒட்டிய குழாய் வழியாகப் போகிறது. இலங்கையில் வழிகாட்டியாகக் கொள்ளப்படும் பிரித்தானிய வயரிங் விதிகளின்படி, குழாய்க்குள் போகும் 2.5 சதுர மிமீ பிவிசி வயர் ஒருமுனைச் சுற்றில் 30 பாகையில் 24 அம்பியர் தாங்கும். காற்று 50 பாகையானால் அதை 0.71ஆல் பெருக்க வேண்டும்: 17 அம்பியர். 17 அம்பியருக்கு மேல் தாங்காத வயருக்கு 32 அம்பியர் காவல். பிரேக்கர் சூட்டைக் கண்டு முன்கூட்டி விழுந்தது, வயரும் அதே சூட்டில் தன் பலத்தை இழந்திருக்கிறது என்று சொல்லத்தான். அந்தக் குரலை அடைத்துவிட்டு, பிவிசி உறை 70 பாகையைத் தாண்டி உருகிக் கருகும் வரை காத்திருக்கிறோம். உமியும் தவிட்டுத் தூசியும் படிந்த கூரைக்குக் கீழே இதைச் செய்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"அந்தக் காலத்துப் பனல்கள் முப்பது வருடம் ஓடினவே, அப்போது யார் இப்படிக் கணக்குப் பார்த்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. இது மதிக்க வேண்டிய கேள்வி. 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற தொழிற்சாலைகளின் காலத்துப் பனல்கள் உண்மையிலேயே உழைத்தன. அவற்றில் இருந்தவை கொன்டாக்டர், ரிலே, பியூஸ். எல்லாம் செம்பும் இரும்பும் பேக்லைட்டும். பெட்டிகளும் அறை அளவு; சூடு பரவ இடம் இருந்தது. இன்றைய பனலில் டிரைவ், பிஎல்சி, 24 வோல்ட் மின்வழங்கி என்று எலெக்ட்ரோனிக்ஸ் நிறைந்திருக்கிறது. அவற்றுள் முதலில் சாவது மின்பகுபொருள் கபாசிட்டர். 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று பலவற்றின் தரவுத்தாளில் எழுதியிருக்கும். பத்துப் பாகை குறைய ஆயுள் இரட்டிக்கும் என்பது அதற்கான நடைமுறை விதி. கபாசிட்டர் 65 பாகையில் இருந்தால் 32,000 மணி. 75 பாகையில் 16,000. 85 பாகையில் 8,000. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடும் ஆலைக்கு அவை முறையே ஏறத்தாழ 9 வருடம், நாலரை வருடம், இரண்டே கால் வருடம். மின்மாற்றியின் காப்புப் பொருளைச் சோதித்த அமெரிக்கப் பொறியியலாளர் மொன்ட்சிங்கர் 1930இலேயே, 8 பாகை கூட ஆயுள் பாதியாகிறது என்று எழுதிவைத்தார். இது புதிய அறிவு அல்ல. நம் பனலுக்குள் இருக்கும் பொருள்தான் புதிது; அதற்குப் பழைய கருங்கல் ஆரோக்கியம் கிடையாது.

சரி, சூடு என்றால் கதவைத் திறந்துவிட்டு ஒரு நில ஃபானை வைத்தால் போகிறது என்பது நம்மூரின் முதல் வைத்தியம். கதவில் துளை போட்டு ஃபான் மாட்டுவது இரண்டாவது. சூட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் வேலை செய்யும். ஆனால் எந்தக் காற்றை உள்ளே விடுகிறோம்? மேலே சொன்ன பெட்டியை 50 பாகைக்குள் வைத்திருக்க வேண்டுமானால், 42 பாகைக் காற்று மணிக்கு ஏறத்தாழ 135 கன மீற்றர் உள்ளே போய் வர வேண்டும். பத்து மணி நேர வேலை நாளில் 1,350 கன மீற்றர். வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஆலையில் அது உமித்தூசியும் தவிடும் மிதக்கும் காற்று. பில்டர் போட்டால் சில நாளில் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் ஃபான் சுற்றும், காற்று போகாது, உள்ளே பழைய சூடு. மாற்ற ஆள் இல்லாத இடத்தில் பில்டரையே கழற்றிவிடுவார்கள். எழுவான்கரையில் அது உப்புக் காற்று. கடலுக்கும் 56 கிலோமீற்றர் நீண்ட வாவிக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல் திடலில், கல்லடியானாலும் களுவாஞ்சிக்குடியானாலும், உப்புத் துகள் இல்லாத காற்று கிடையாது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு, டேர்மினலைப் பச்சையாக்கும். பச்சை பிடித்த இணைப்பில் தடை கூடும், தடை கூடிய இடத்தில் சூடு கூடும். அமோனியாவில் ஓடும் ஐஸ் ஆலையானால் கசியும் அமோனியாவும் சேர்ந்துகொள்ளும். செம்புக்கும் பித்தளைக்கும் அது பகை. ஆக, சூட்டை விரட்டத் திறந்த கதவு வழியாகவே அடுத்த சூடு உள்ளே வருகிறது. வெப்பமும் அரிப்பும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்று எண்ணி ஒன்றைத் தீர்ப்பதால்தான் நாம் தோற்கிறோம். திறந்த கதவில் பல்லியும் எலியும் புகும், கை பட்டால் உயிர் போகும் என்பவை இதற்கு மேலே.

அப்படியானால் பெட்டியை மூடிவிட்டுப் பனல் ஏசி மாட்டிவிடலாமே என்று வசதியுள்ளவர் கேட்பார். பெரிய ஆலைகளுக்கும், உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்து நகருக்கு அனுப்புவது போன்ற, ஒரு மணி நேரம் கூட நிற்கக் கூடாத திட்டங்களுக்கும் அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் சிறிய, நடுத்தர ஆலைக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஏசி நின்றால் சிறிய பெட்டிக்குள் வெப்பம் மளமளவென்று ஏறும். அதன் வெளிப்பக்கக் கொயிலையும் உப்பு அரிக்கும். அதற்கும் பில்டர் கழுவ ஆள் வேண்டும். அதைவிட முக்கியமானது பனி பிடிப்பது. நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். ஏறத்தாழ 25 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியத் தொடங்கும். வீட்டு ஏசி போல 22, 23 பாகைக்கு வைத்த பனலின் கதவை ஒரு தடவை திறந்தால், குளிர்ந்த பஸ்பாரில் ஈரம் முத்து முத்தாகப் படியும். கட்டாயம் ஏசிதான் என்றால் 35 பாகைக்கு வையுங்கள். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு அது போதும், ஈரமும் படியாது, மின்கட்டணமும் குறையும். இன்னொன்றும் இருக்கிறது: ஐப்பசி தொடங்கி தை வரை வாடை மழையில், அறுவடை இல்லாமல் ஆலை மூடிக் கிடக்கும் நாட்களில், அதே பனலுக்குச் சூடு தேவைப்படுகிறது. சின்ன ஹீட்டர் ஒன்றும் ஈரப்பதனைக் கண்டு அதை இயக்கும் சுவிட்சும் இல்லாவிட்டால், ஆடியில் வெந்த டேர்மினல் மார்கழியில் துருப்பிடிக்கும்.

நான் சொல்லும் வழி எளிமையானது: பெட்டியை மூடியே வை, உள்ளே உண்டாகும் சூட்டைக் குறை, அதற்குப் பிறகும் மீதி இருந்தால் பெட்டியைப் பெரிதாக்கு. மேலே சொன்ன டிரைவையே எடுப்போம். அதன் பின்பக்கத்து அலுமினிய ஹீட் சிங்க் பெட்டியின் முதுகில் வெட்டிய துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி பொருத்தலாம். பல நிறுவனங்கள் அதற்கான பொருத்துச் சட்டத்தை விற்கின்றன. டிரைவின் சூட்டில் 70 சதவீதம் அப்படி நேரே வெளியே போகிறது என்று வைத்தால் உள்ளே மிஞ்சுவது 135 வாட். அதே பெட்டியில் இப்போது ஏற்றம் 35 பாகைக்குப் பதிலாகப் பத்தரைப் பாகை. பெட்டியை 1800 மிமீ உயரம், 400 மிமீ ஆழம் என்று ஒரு படி பெரிதாக்கினால் ஏற்றம் ஆறரைப் பாகை. 42 பாகை மண்டபத்தில் உள்ளே 48 அல்லது 49. ஏசியும் இல்லை, துளை போட்ட கதவும் இல்லை, மூடிய பெட்டிக்குள்ளேயே 50க்குள் வந்துவிட்டோம். ஹீட் சிங்கின் மேல் தூசி படியும். ஆனால் அதை வெளியில் இருந்தே தூரிகையால் தட்டலாம், மின்சாரப் பாகம் எதையும் தொட வேண்டியதில்லை. சுவரோடு பெட்டியை ஒட்டாமல் அந்தப் பக்கம் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும் என்பது மட்டும் கவனம்.

இடம் பார்ப்பதில் செலவே இல்லை. கொதிகலன் சுவருக்கு முதுகு கொடுத்துப் பனல் நிற்கக் கூடாது. படுவான் திசை பார்த்த வெளிச்சுவரில் வைத்தால் மாலை வெயில் கதவில் நேரே விழும். ஒரு சதுர மீற்றர் கதவில் படும் வெயிலே பல நூறு வாட். இறால் பண்ணைக் கரையில் வெட்டவெளியில் நிற்கும் காற்றூட்டிப் பனலுக்கு ஒரு கிடுகுப் பந்தல் போட்டு, பெட்டிக்கும் பந்தலுக்கும் இடையில் காற்று ஓடவிட்டால் அந்தச் சூடு மறைந்துவிடும். பெட்டியின் நிறம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும். உயரத்தில்தான் நமக்கு ஒரு சிக்கல். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. தாழ வைத்த பனல் மூழ்கும் என்ற பயத்தில் எல்லோரும் அதை மேலே ஏற்றுகிறார்கள். ஏற்றியது நியாயம், ஆனால் அது தகரத்துச் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. வெள்ள மட்டத்துக்கு மேலான மேடையில் தனிச் சிறு அறை, ஓட்டுக் கூரை, கூரை முகட்டில் சூடு வெளியேற வழி என்று கட்டினால் இரண்டு பயமும் தீரும். வெட்டவெளிப் பனலுக்கும் கடலோரப் பனலுக்கும் ஐபி 54க்குக் குறையாத பெட்டி, துருவேறா உருக்கு அல்லது கண்ணாடியிழைப் பெட்டி என்று பேசலாம். ஆனால் கண்ணாடியிழை சூட்டை இரும்பு அளவுக்கு வெளியே விடாது. அதற்கேற்பக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

செலவு என்ற மறுப்பு மீதி இருக்கிறது. 50 பாகைக்குப் பனல் கேட்டால் விலை கூடும்தான். எங்கே கூடும் என்று பார்க்க வேண்டும். ஒரு பனலின் விலையில் பெரும்பங்கு டிரைவுக்கும் பிரேக்கருக்கும் கொன்டாக்டருக்கும் போகிறது. வெறும் பெட்டியின் பங்கு சிறியது. பெட்டி ஒரு அளவு பெரிது, பிரேக்கர் ஒரு அளவு பெரிது, பிவிசிக்குப் பதில் 90 பாகை தாங்கும் எக்ஸ்எல்பிஇ வயர், தேவையானால் டிரைவ் ஒரு அளவு பெரிது: இவ்வளவுதான் வித்தியாசம். மறுபக்கத்தில், அறுவடை நேரத்தில் இரண்டு நாள் நின்ற ஆலையின் முற்றத்தில் ஈர நெல் குவிந்து கிடக்கும். டிரைவ் எரிந்தால் கொழும்பிலிருந்து வர வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது ஓர் உதிரிப் பாகம் என்ன பாடுபடுத்தும் என்பதை நாடே கண்டது. வளைகுடாவில் இதே நிறுவனங்களின் இதே சாமான்கள் இதைவிடக் கொடிய வெயிலில் ஓடுகின்றனவே என்றும் சொல்லப்படுகிறது. அங்கே வேலை செய்து திரும்பிய நம் பிள்ளைகளைக் கேளுங்கள்: அங்குள்ள மின்சார நிறுவனங்கள் பல 50 பாகை என்று எழுதியே கொள்முதல் செய்கின்றன. அங்கே ஓடும் சாமான் அந்த எண்ணுக்காகத் தெரிவு செய்யப்பட்டது, கேட்காமல் கிடைத்ததல்ல.

ஏற்கெனவே பனல் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெப்பமானி ஒன்றைப் பனலுக்கு வெளியேயும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள இலெக்ட்ரீஷியனைக் கொண்டு இன்னொன்றை உள்ளே மேல்பக்கமாகவும் வைத்து, கதவை மூடி, ஆலை முழுச் சுமையில் ஓடும் நாளில் அதிகபட்சத்தைப் பாருங்கள். உள்ளே 50 பாகையைத் தாண்டினால் டிரைவை முதலில் வெளியே எடுக்கும் வழி தேடுங்கள். பல நேரம் அதுவே போதும். டேர்மினல் திருகுகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது, சிறுபோக அறுவடைக்கு முன், கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கச் செய்யுங்கள். சூடாகி ஆறும் செம்பு தளரும். யாராவது பிரேக்கரை மாற்றியிருந்தால் அதோடு போகும் வயரின் தடிப்பைக் கேளுங்கள். வயர் மாறாமல் பிரேக்கர் மட்டும் பெருத்திருந்தால் அன்றைக்கே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஆலை ஒரு நாள் நின்றாலும் பரவாயில்லை.

புதிதாகப் பனல் செய்யக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை மோட்டர், எத்தனை குதிரைவலு என்று சொல்வதோடு நிறுத்த வேண்டாம். பனல் நிற்கும் சுவரோரத்து உச்ச வெப்பம், இரவு பகல் சராசரி, எல்லா மோட்டரும் ஒன்றாக ஓடுமா, கடலில் இருந்து எவ்வளவு தூரம், தூசி என்ன தூசி என்ற ஐந்தையும் ஓடர் தாளில் எழுதுங்கள். செய்பவர் அதற்குப் பதிலாக உள்ளே எத்தனை வாட் சூடு, எத்தனை பாகை ஏற்றம் என்ற கணக்கை எழுத்தில் தர வேண்டும். தர முடியாதவரிடம் வாங்காதீர்கள். பனல் செய்யும் நம் இளைஞர்களும் இந்தக் கணக்கைக் கேட்காமலே இணைத்துக் கொடுக்கப் பழக வேண்டும். ஒரு பக்கத் தாளில் முடிகிற வேலை அது. அடுத்த கச்சானுக்கு முன் செய்துவிடலாம்.